கடல் கடந்து சென்ற கால்பந்து

விளையாட்டை வெறும் பொழுதுபோக்கென்று கருதுவாரும், உடற்பயிற்சியின் பொருட்டு மட்டும் அதனை மதிப்பாரும் நம்மிடையே உளர். ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை அவர்கள் ஆடும் ஆட்டத்தின் வழியும் அறியலாகும் என்பதை இவ்விரு திறத்தாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அயர்லாந்து தேயத்தாரின் கேலிக் கால்பந்துப் போட்டி 1947ஆம் ஆண்டில் நடைபெற்ற வரலாறு இவ்வுண்மைக்குச் சிறந்ததொரு சான்றாகும். அவ்வாண்டின் இறுதியாட்டம் அயர்லாந்து மண்ணில் நடைபெறவில்லை. அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால், அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயார்க் மாநகரில், பிறிதோர் ஆட்டத்திற்கென அமைந்த களத்தில் நடைபெற்றது. அதற்கு முன்னரும் பின்னரும் அவ்விறுதியாட்டம் தாய்நாட்டை விட்டு வெளிச்சென்றதே இல்லை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் அது கடல் கடந்ததேன், அதனால் விளைந்தது யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கேலிக் கால்பந்து நாம் நன்கறிந்த கால்பந்தாட்டத்தினின்றும் பெரிதும் வேறுபட்டது. ஒவ்வோர் அணியிலும் பதினைவர் ஆடுவர். பந்தைக் காலால் உதைத்தலே அன்றிக் கையாற் பிடித்தலும் முட்டியாற் குத்தி அனுப்புதலும் இதில் முறையே. ஆயினும், பந்தைக் கையிற் பற்றிக்கொண்டு விரும்பிய மட்டும் ஓடிவிட இயலாது. சில அடிகளுக்கு ஒருமுறை அதனைத் தரையிற் தட்டியோ, காலின் நுனியால் மேலெழுப்பி மீண்டும் கையிற் கொண்டோ ஓடுதல் வேண்டும். களத்தின் இரு முனைகளிலும் இரண்டு உயரமான கம்பங்களும், அவற்றை இடையிற் பிணைக்கும் குறுக்குச் சட்டமும் இருக்கும். சட்டத்திற்குக் கீழே வலைக்குட் பந்தைச் செலுத்தினால் அது கோல். சட்டத்திற்கு மேலே கம்பங்களின் நடுவே செலுத்தினால் அது புள்ளி. கோல் ஒன்று புள்ளி மூன்றுக்கு நிகர். 2025ஆம் ஆண்டு முதல் தொலைவிலிருந்து உதைத்துப் பெறும் சிலவற்றிற்கு இரண்டு புள்ளி என்னும் விதி புகுந்துளதெனினும், நாம் பேசும் காலத்தில் அஃது இல்லை. கோல்களை முன்னும் புள்ளிகளைப் பின்னுமாக 2–11 என்றாற்போல எழுதுவது வழக்கம். இரண்டு கோலும் பதினொரு புள்ளியும் சேர்ந்து பதினேழாகும் என்பது அதன் பொருள். இக்கணக்கை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இவ்வாட்டத்தை நெறிப்படுத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் நாளன்று தர்ல்ஸ் என்னும் ஊரில் தோன்றியது. மைக்கேல் கியூசாக் என்பவர் அதனை நிறுவுதற்கு முன்னின்றவருள் தலையாயவர். அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சியும் ஆங்கில விளையாட்டுக்களும் அயர்லாந்தில் மேலோங்கி நின்றன. தம் முன்னோர் ஆடிய ஆட்டங்கள் மறைந்தொழியாமற் காத்தல் வேண்டும் என்பதே சங்கத்தாரின் கருத்து. இச்சங்கத்தின் போட்டிகளில் ஆடுவோர்க்கு ஊதியம் இல்லை. உழவரும் ஆசிரியரும் கடைச்சிப்பந்திகளும் போர்வீரரும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே ஆடுவர். பொருளால் ஆட்டக்காரரை விலைக்கு வாங்குதலும் இல்லை. அயர்லாந்தின் முப்பத்திரண்டு கவுண்டிகளும் தனித்தனி அணிகளாக நிற்க, ஒருவன் பெரும்பாலும் தான் பிறந்து வளர்ந்த கவுண்டிக்காகவே ஆடுகின்றான். ஆகவே, அணியின் வெற்றி தோல்வியை அக்கவுண்டியார் தம் குடும்பத்தின் நன்மை தீமையாகவே கொள்ளுவர். 1921இல் நாடு இரு கூறாகப் பிரிந்த பின்னும், இப்போட்டி மட்டும் பிரிவின்றி முப்பத்திரண்டு கவுண்டிகளுக்கும் பொதுவாகவே நின்றது.

அல்ஸ்டர், மன்ஸ்டர், லைன்ஸ்டர், கொனாக்ட் என்னும் நான்கு மாகாணங்களிலும் முதலிற் போட்டிகள் நிகழும். நான்கு மாகாணத்தும் வென்ற அணிகள் நான்கும் அரையிறுதியிற் சந்திக்க, அவற்றுள் வென்ற இரண்டும் செப்டம்பர் மாதத்தில் டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் களத்தில் இறுதியாட்டம் ஆடும். இஃது அக்காலத்து முறை. அவ்வொரு நாள் நாட்டு மக்களுக்கெல்லாம் திருவிழாப் போன்றது. 1944ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தை நேரிற் கண்டோர் 79,245 பேர் எனின், அதன் சிறப்பைக் கூறவும் வேண்டுமோ? இத்தகைய திருநாளை வேற்று நாட்டிற்குக் கொண்டு செல்லுவதென்றால், அதற்கு அளவற்ற காரணம் ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ?

அக்காரணத்தைக் காண நூறாண்டு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1845ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரைக் கொடிய நோயொன்று பற்றியது. ஏழை மக்கள் அக்கிழங்கையே முழு உணவாகக் கொண்டிருந்தனர். நிலத்தின் பிற விளைவெல்லாம் குத்தகைக்காகப் போய்விடும். பயிர் அழுகவே பஞ்சம் பரவியது. பஞ்சத்தின் பின்னே காய்ச்சல் வந்தது. தானியமும் கால்நடையும் துறைமுகங்களினின்றும் கப்பலேறிக்கொண்டிருந்த அந்நாளிலேயே, சுமார் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிக்கோர் நாட்டைத் துறந்தனர். 1841இல் 82 இலட்சமாக இருந்த மக்கள் தொகை 1851இல் 65½ இலட்சமாகக் குறைந்தது. ஆண்டுகள் அனைத்தினும் கொடியதாகிய 1847ஐ ‘கரிய நாற்பத்தேழு’ என்றே அந்நாட்டார் இன்றும் சுட்டுவர்.

பஞ்சம் நீங்கியும் வெளியேற்றம் நீங்கவில்லை. வடபாலுள்ள கேவன் கவுண்டியை எடுத்துக்கொள்ளுவோம். 1841இல் அங்கு வாழ்ந்தோர் சுமார் 2,43,000 பேர். 1946இல் எஞ்சினோர் சுமார் 70,000 பேர் மட்டுமே. மூவர் இருந்த வீட்டில் ஒருவர்கூட இல்லை என்னும்படி அவ்வூர்கள் வெறுமையாயின. சென்றோருள் மிகப் பலர் நியூயார்க்கில் குடியேறினர். அந்நகரில் அவர்கள் கேவன் என்றும் கெர்ரி என்றும் மேயோ என்றும் தம் கவுண்டிகளின் பெயராலேயே கழகங்கள் அமைத்துப் பழைய ஆட்டத்தை ஆடிவந்தனர். ஆனால் 1924இல் அமெரிக்க அரசாங்கம் குடியேற்றத்திற்கு வரம்பு விதித்ததாலும், அதன்பின் வந்த பொருளாதார வீழ்ச்சியாலும், இரண்டாம் உலகப் போராலும் புதியவர் வருகை அருகிற்று. புது இரத்தம் பாயாமையால் நியூயார்க்கிலிருந்த சங்கம் தளர்ந்தது.

இந்நிலையில், 1947ஆம் ஆண்டு ஈஸ்டர் காலத்தில் கூடிய சங்கத்தின் ஆண்டு மாநாட்டில், கிளேர் கவுண்டியைச் சார்ந்த மைக்கேல் ஹாமில்டன் என்னும் பாதிரியார், பஞ்சத்தின் நூறாம் ஆண்டு நினைவாகவும், கடல் கடந்த உறவினரின் சங்கத்திற்கு உயிரூட்டவும், அவ்வாண்டின் இறுதியாட்டத்தை நியூயார்க்கில் நடத்தல் வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். இதற்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. இறுதியாட்டம் உள்நாட்டாரின் உரிமை. கையிற் காசில்லாத உழவன் டப்ளினுக்கு வந்து காண்பான், நியூயார்க்கிற்கு எவ்வாறு செல்லுவான் என்று கேட்டனர் பலர். இக்கேள்வி நியாயமானதே. அயலகத்தில் வாடும் ஒருவர் எழுதிய கடிதம் என்று ஒன்றை ஹாமில்டன் அவையில் வாசித்ததாகவும், அதனைக் கேட்டோர் மனம் நெகிழ்ந்து இசைந்ததாகவும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அஃது எவ்வாறாயினும், நாட்டில் இருப்போரின் உரிமைக்கும் நாட்டைப் பிரிந்தோரின் ஏக்கத்திற்கும் இடையே அம்மாநாடு தீர்ப்புக் கூற வேண்டியிருந்தது; பிரிந்தோர் பக்கமே தீர்ப்பும் சாய்ந்தது.

இம்முடிவு வெளிவந்தவுடன் அவ்வாண்டின் போட்டிக்குப் புதியதொரு வேகம் பிறந்தது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தைக் கடும் பனி மூடியிருந்தது. மக்கள் எரிபொருளுக்கும் உணவிற்கும் இடர்ப்பட்டனர். அத்தகைய துன்பக் காலத்தின் பின் நியூயார்க் என்னும் சொல்லே ஆட்டக்காரர் செவிக்கு அமுதமாயிற்று. மாகாண ஆட்டம் ஒவ்வொன்றும் கடல் கடக்கும் சீட்டிற்கான தேர்வாக மாறியது.

அல்ஸ்டரில் கேவன் அணி நெடுங்காலம் கோலோச்சியது. 1931 முதல் 1949 வரையுள்ள பத்தொன்பது ஆண்டுகளில் பதினேழில் அம்மாகாண வெற்றி அதற்கே உரியதாயிற்று. தவறிய இரண்டனுள் ஒன்று 1946. அவ்வாண்டில் ஆன்ட்ரிம் அணி அதனை வீழ்த்தியிருந்தது. 1947இல் அதே ஆன்ட்ரிமை 3–4 க்கு 1–6 என வென்று கேவன் பழி தீர்த்தது. தெற்கே மன்ஸ்டரில் கெர்ரி அணி, கார்க் அணியை 3–8 க்கு 2–6 என வென்றது. கெர்ரியின் பெருமையோ பெரிது. 1946 வரையில் பதினாறு முறை அயர்லாந்து முழுவதற்கும் வாகை சூடிய அணி அது. 1947இல் முந்திய ஆண்டின் வெற்றியாளரும் அதுவே. கேவன் அணி 1933, 1935 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டுமே அவ்வாகையைப் பெற்றிருந்தது. அரையிறுதியில் கெர்ரி மீத் அணியை 1–11 க்கு 0–5 என எளிதில் வென்றது. கேவனோ, 1943, 1944 ஆண்டுகளின் வெற்றியாளராகிய ரோஸ்காமனை 2–4 க்கு 0–6 என்று வென்றது. இவ்வாறு இரு அணிகளும் பயணத்திற்கு உரியவாயின.

ஆட்டக்காரருட் சிலர் கோவ் துறைமுகத்தினின்றும் மாரிடேனியா என்னும் கப்பலிற் சென்றனர். ஏனையோர் ரினானா விமான நிலையத்தில் ஆகாய விமானம் ஏறினர். அந்நாளில் விமானம் ஒரே மூச்சிற் கடலைத் தாண்டவில்லை. அசோர்ஸ் தீவில் இறங்கி, பின்னும் பயணம் தொடர்ந்து, முப்பது மணி நேரத்திற்கு அணித்தான காலத்தில் நியூயார்க் சேர்ந்தது. அவர்களுட் பலர் அதற்கு முன் விமானத்தில் ஏறியறியாதவர். பஞ்சக் காலத்தில் தம் முன்னோர் பாய்மரக் கப்பலில் வாரக்கணக்காக நோயும் பசியும் தாங்கிக் கடந்த அதே கடலைப் பேரர்கள் இவ்வாறு கடந்தனர். நகர மாந்தர் அவர்களை ஊர்வலமாக அழைத்துச் சென்று வரவேற்றனர். அந்நாளைய நியூயார்க் மேயராகிய வில்லியம் ஓட்வையர் என்பவரே மேயோ கவுண்டியில் பிறந்து, 1910இல் அமெரிக்கா சென்று, படிப்படியாக உயர்ந்தவர்.

போலோ கிரவுண்ட்ஸ் என்பது ஆட்டக்களத்தின் பெயர். பெயர் போலோவாயினும், ஆங்கு ஆடப்பட்டது பேஸ்பால் என்னும் அமெரிக்கப் பந்தாட்டம். ஆகவே களத்தின் வடிவம் கேலிக் கால்பந்திற்குப் பொருந்தவில்லை. அகலமும் நீளமும் குறைவு. பந்தெறிபவன் நிற்பதற்கென அமைத்த மண்மேடு அவ்வாறே இருந்தது. தரையோ அயர்லாந்தின் ஈரப் புல்வெளி போலன்றிக் கல்லெனக் கெட்டிப்பட்டிருந்தது. வெயிலும் அவர்கள் பழகியறியாத வெம்மையுடன் காய்ந்தது. ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் அமரத்தக்க அக்களத்தில் செப்டம்பர் 14ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்து கூடினோர் 34,941 பேர். எதிர்பார்த்ததினும் இது குறைவே. எனினும் வந்தோருட் பலர் தம் கவுண்டி அணியைக் கண்டு இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்தவர்; இனிக் காண்போம் என்னும் நம்பிக்கையை முற்றும் விட்டவர்.

ஆட்டம் தொடங்கியதும் கெர்ரியின் கை ஓங்கியது. பாட் கார்வியும் எடி டவ்லிங்கும் ஒவ்வொரு கோல் அடிக்கவே, கேவன் அணி மிகவும் பின்னிட்டது. ஆட்டம் முடிந்துவிட்டதென்றே பலரும் எண்ணினர். அப்பால், நன்கு ஆடிக்கொண்டிருந்த டவ்லிங் கெட்டித் தரையில் விழுந்து அடிபட்டுக் களம் நீங்கினார். கேவன் அணியோ கலங்காமற் சிறிது சிறிதாக மீண்டது. ஜோ ஸ்டாஃபோர்டு ஒரு கோலும் மிக் ஹிக்கின்ஸ் ஒரு கோலும் அடித்தனர். இந்த ஹிக்கின்ஸ் நியூயார்க்கிலேயே பிறந்து, குழந்தைப் பருவத்தில் அயர்லாந்திற்குக் கொண்டு செல்லப்பட்டவர் என்பது வியப்புக்குரியது. ஊர் விட்டுச் சென்றோர் காண, பிறந்த ஊருக்கே மீண்டு வந்து அவர் ஆடினார். இடைவேளையில் கேவன் ஒரு புள்ளி முன்னின்றது.

பிற்பாதியில் எந்த அணியும் கோல் அடிக்கவில்லை. ஆகவே வெற்றியைத் தீர்மானித்தவை கோல்கள் அல்ல, சிறு புள்ளிகளே. முடிவில் கேவன் 2–11, கெர்ரி 2–7. மேற்கூறிய கணக்கின்படி பதினேழுக்குப் பதின்மூன்று. இரு அணிக்கும் கோல் இரண்டே; வேறுபாடு நான்கு புள்ளி. கேவனின் பதினொரு புள்ளிகளுள் எட்டினைப் பீட்டர் டோனஹோ என்னும் ஒருவரே பெற்றுத் தந்தார். எதிரணி பிழை செய்யும்போது கிடைக்கும் தனியுதைகளைக் குறி தப்பாமல் அடிப்பதில் அவர் வல்லவர். நியூயார்க் பத்திரிகையார் அவரைக் கேலிக் கால்பந்தின் பேப் ரூத் என்று புகழ்ந்தனர். பேஸ்பாலில் பேப் ரூத்தினும் பெரிய பெயர் அமெரிக்கர்க்கு இல்லை. ஆரவாரமின்றிப் பொறுமையுடன் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் சிறுபொருள் பெருஞ்செல்வமாகும் என்பதற்கு இவ்வாட்டம் நல்லதோர் எடுத்துக்காட்டு. கேவன் அணித் தலைவர் ஜான் ஜோ ஓரைலி வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றார்.

இனி, தாய்நாட்டில் இருந்தோர் செய்தது யாது? அவர்கட்கு வானொலி ஒன்றே துணை. அயர்லாந்தின் நாட்டுப்புறங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் வேலை 1946ஆம் ஆண்டின் இறுதியிலேதான் தொடங்கியிருந்தது. ஆதலின் கிராமங்களில் வானொலிப் பெட்டி மின்கலத்தால் இயங்கியது. அதுவும் வீடுதோறும் இல்லை. பெட்டி உள்ள வீட்டின் சாளரத்தருகும் முற்றத்திலும் ஊரார் திரண்டு நின்று செவி கொடுத்தனர். களத்தினின்றும் ஆட்டத்தை வருணித்தவர் மைக்கேல் ஓஹேர், வயது இருபத்தேழு. ஒலிபரப்புத் தொடர்பு வழியை நியூயார்க் நேரம் மாலை ஐந்து மணி வரையில் மட்டுமே வாடகைக்குப் பெற்றிருந்தனர். மேன்மக்களின் வரவேற்பும் சடங்கும் நீண்டதால் ஆட்டம் தாமதித்துத் தொடங்கியது. ஐந்து மணி நெருங்கியது, ஆட்டமோ முடியவில்லை. தொடர்பு அறுந்தால், முடிவை அறியாமல் ஒரு நாடே இருளில் நிற்கும். அயர்லாந்தில் அப்போது இரவு நேரம். ஓஹேர் ஆட்டத்தை வருணித்துக்கொண்டே, இவ்வழியில் எங்கேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளர் எவரேனும் இருப்பின், இன்னும் ஐந்து நிமிடம் மட்டும் தொடர்பை அறுக்காதிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே மன்றாடினார். யார் கேட்டனரோ, யார் கை தடுத்ததோ! தொடர்பு அறவில்லை. முடிவு வரை நாடு கேட்டது. அவ்வேண்டுகோள் அயர்லாந்தில் பிறந்த ஒவ்வொருவர்க்கும் கதையாயிற்று.

ஒன்றை ஈண்டு நோக்குதல் தகும். நூறாண்டாக, சென்றவரைப் பற்றிய செய்திக்குக் காத்திருந்தவர் ஊரில் இருந்தோர். ஊர்ச்செய்திக்கு ஏங்கியவர் சென்றோர். அந்த ஒரு நாளில் நிலைமை தலைகீழாயிற்று. பிரிந்தோர் கண்ணாற் கண்டனர். ஊரார் காதாற் கேட்டு மனத்தாற் கண்டனர். தம் உடைமையை விட்டுக்கொடுத்தலின் அருமையை ஊராரும் அன்று உணர்ந்தனர்.

இம்முயற்சியால் விளைந்த பயன் யாது என்பாருக்கு நேர்மையாக விடை கூறுதல் கடன். வெளியேற்றம் நிற்கவில்லை, 1951 முதல் 1961 வரையுள்ள பத்தாண்டில் மட்டும் சுமார் நான்கு இலட்சம் பேர் அந்நாட்டை விட்டுச் சென்றனர். இறுதியாட்டமும் மீண்டும் கடல் கடக்கவில்லை. கேவன் அணி 1948இலும் 1952இலும் வாகை சூடிப் பின்னர் 2024 வரை அதனை எட்டவேயில்லை. தலைவர் ஓரைலி 1952ஆம் ஆண்டு நவம்பரில், முப்பத்து நான்கே வயதில், காலமானார். போலோ கிரவுண்ட்ஸ் களமும் 1964இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் குடியிருப்பு மாளிகைகள் எழுந்தன. களமும் தலைவனும் மறைந்தனர். குடிகளின் பிரிவும் தொடர்ந்தது.

ஆயினும் அவ்வாட்டம் வீணன்று. நீங்கள் எம்மைப் பிரிந்தவர். எனினும் எம்மின் வேறல்லீர் என்னும் சொல்லைப் பொருட்செலவோடும் உடல் உழைப்போடும் ஒரு நாடு தன் மக்களுக்குக் கூறியது. 1999ஆம் ஆண்டு முதல் நியூயார்க் அணியே கொனாக்ட் மாகாணப் போட்டியில் சேர்ந்து ஆடிவருகின்றது. இருபது ஆண்டுக்கு மேலாகத் தோல்வியன்றி வேறறியாத அவ்வணி, 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் லைட்ரிம் அணியைத் தன் சொந்தக் களத்தில் வென்றது. அக்களத்திற் பொங்கிய மகிழ்ச்சியின் வேர், 1947இல் மண்மேடு நடுவே கிடந்த பொருந்தாத அப்பழைய களத்தில் ஊன்றியது என்று சொல்லுதல் மிகையாகாது.

வெற்றியை மட்டும் எண்ணுவோர்க்கு அவ்வாண்டின் போட்டி 2–11 க்கு 2–7 என்னும் ஒரு வரியோடு முடியும். ஊர் விட்டு ஊர் சென்று வாழும் ஒருவர் தம் குடும்பத்தில் இருப்பின், அவர்க்கு அதன் பொருள் பெரிது. பிரிந்திருப்பாரைத் தேடிச் சென்று காணும் ஒரு நாள், எண்ணிக்கையால் ஒன்றாயினும், பயனால் பல்லாண்டுகட்கு நிகராகும்.